குளிர்காலத்தில் கார் பெட்ரோலை இப்படிக் குடிக்கிறதே, ஹீட்டர்தான் காரணமா? ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

மிட்ராண்ட் முருகு
எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்காரன், வேலை மாறி ஜோஹன்னஸ்பர்க் வந்தவன், எனக்கு இது முதல் குளிர்காலம். காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதை ஊரில் யார் கவனித்தோம்? இங்கே ஜூன் பிறந்ததிலிருந்து காலையில் கண்ணாடி முழுக்க உறைபனி, பழைய கார்டை வைத்துச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கையில் மாறி வந்த 1.4 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். மார்ச், ஏப்ரலில் 100 கிலோமீட்டருக்கு 6.8 லிட்டர் காட்டிய வண்டி இப்போது 8.5 காட்டுகிறது. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 14.7 கொடுத்தது 12க்கும் கீழே வந்துவிட்டது. ஆபீஸ் 5 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஏகப்பட்ட ரோபோட் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர்). ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்தாலும் பாதி வழி வரைக்கும் சில்லென்ற காற்றுதான் வருகிறது, ஆபீஸ் கேட் வரும்போது லேசாக ஒரு வெதுவெதுப்பு, அதற்குள் இறங்க வேண்டியதுதான். ஒருத்தர் ஹீட்டரை அணைத்துவிடு, அதுதான் பெட்ரோலைத் தின்கிறது என்கிறார். இன்னொருத்தர் பத்து நிமிடம் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றிக் கிளம்பு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

டர்பன் சுறா
டர்பனுக்கு வந்துவிடுங்கள் முருகு. ஜூலையிலும் அரைக்கைச் சட்டைதான். பெட்ரோலும் உங்கள் ஊரைவிட மலிவு :)

பெனோனி ஸ்பானர்
தம்பி முருகு, இரண்டு பேர் சொன்னதையும் கேட்காதே. முப்பது வருஷத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன் சொல்கிறேன்.

என்ஜினில் எரிகிற பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு கூட முழுசாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மீதி எல்லாம் சூடு. பாதி சைலன்சர் வழியாகப் போகும், பாதி கூலன்ட் தண்ணீரில் ஏறும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி வெளியே வீணாக்குவதுதான் வழக்கம். டேஷ்போர்டுக்குப் பின்னால் குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது, ஹீட்டர் கோர் என்போம். நீ திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் அதே சூடு அதன் வழியாக உன் காலுக்கு வருகிறது. எப்படியும் காற்றில் போக வேண்டிய சூடு. கூடுதல் செலவு என்று பார்த்தால் ஃபேன் சுற்றும் கரண்ட் மட்டும்தான். ஏசி மாதிரி கம்ப்ரசரை பெல்ட் போட்டு இழுக்கிற வேலை இதில் இல்லை.

ஒரே ஒரு விஷயம். என்ஜின் இன்னும் சூடாகாதபோதே ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் அது சூடாகிற நேரம் நீளும். டெம்பரேச்சர் முள் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் ஃபேனைப் போடு. அதுவரை ஜெர்சி போட்டுக்கொள்.

உண்மையான திருடன் ஹீட்டர் இல்லை, உன் 5 கிலோமீட்டர். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் அதிகமாகவே பெட்ரோல் ஊற்றும். ஆயில் கெட்டியாக இருக்கும், கியர்பாக்ஸ் ஆயிலும் அப்படித்தான். ஐடிலிங்கும், அதாவது சும்மா நிற்கும்போது என்ஜின் சுற்றுகிற வேகமும், உயர்ந்து நிற்கும், புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிஸ்ட் சூடாக வேண்டுமே. இது எல்லாம் சரியாகி என்ஜின் நிதானத்துக்கு வருவதற்குள் நீ ஆபீசில் பார்க் பண்ணிவிட்டாய். சாயங்காலம் திரும்ப முதலிலிருந்து. இப்படி ஓடினால் எந்த வண்டியும் குடிக்கத்தான் செய்யும்.

ஆனால் 6.8 எங்கே, 8.5 எங்கே? எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருக்கிறது. டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லு.

பாக்கி பாண்டி
ஸ்பானர் அண்ணே, பத்து நிமிடம் சூடேற்றுவதை அப்படித் தள்ளிவிடாதீர்கள். எங்கப்பா காலத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம். அவருடைய பழைய வண்டி சோக்கை இழுத்து, ஒரு டீ குடித்து முடித்தால்தான் நகரும்.

பெனோனி ஸ்பானர்
உங்கப்பா வண்டியில் கார்புரேட்டர் பாண்டி. சோக் இழுக்காமல் கிளம்பினால் முதல் ரோபோட்டிலேயே நின்றுவிடும், அதனால் அவர் செய்தது சரி. கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து ஊற்றுகிற இன்ஜெக்ஷன் வண்டிக்கு அது வேண்டாம். சும்மா நிற்கிற என்ஜினில் பாரமே இல்லை, சூடு சீக்கிரம் ஏறாது. ஸ்டார்ட் பண்ணி, சீட் பெல்ட் போட்டு, கேட் திறக்கிற நேரம் போதும். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதி, அதுதான் சூடேற்றுகிற முறை.

கணக்கும் போட்டுப் பார். இந்த அளவு என்ஜின் சும்மா நின்றால் மணிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் குடிக்கும். பத்து நிமிடத்துக்கு 0.13 லிட்டர். முருகு ஆபீஸ் போகிற தூரத்துக்கு நல்ல நாளிலேயே ஆகிற பெட்ரோல் 0.34 லிட்டர்தான். வாசலில் நின்றபடியே அதில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தைக் குடித்தாகிவிட்டது.

செஞ்சூரியன் லாவண்யா
பெட்ரோலை விடுங்கள், முருகு இந்த ஊருக்குப் புதுசு என்பதால் சொல்கிறேன். வாசலில் வண்டியை ஓடவிட்டு உள்ளே போய் டிஃபன் பாக்ஸ் எடுத்து வருகிற வேலை இங்கே வேண்டவே வேண்டாம். சாவியோடு, என்ஜின் ஓடிக்கொண்டு, ஆள் இல்லாத வண்டி. கேட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? டிரைவ்வேயில்தான் நிறைய ஹைஜாக்கிங், ஆளை மிரட்டி வண்டியைப் பறிப்பது, நடக்கிறது. பூட்டிய கராஜுக்குள் ஓடவிடுவது அதைவிட மோசம், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, ஆள் மயங்கி விழுவதற்குள் தெரியாது.

கண்ணாடியில் பனி இருந்தால் முந்தைய ராத்திரியே ஒரு பழைய பெட்ஷீட்டையோ அட்டையையோ போட்டு மூடிவிடுங்கள். தயவுசெய்து கெட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். எங்கள் காம்ப்ளெக்சில் ஒருத்தர் ஊற்றினார், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை கோடு.

கணக்கு வாத்தி
குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் காற்றுத் தடை கூடி மைலேஜ் குறையும் என்று இணையத்தில் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள், இங்கே யாரும் அதைச் சொல்லவில்லையே. 25 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குப் போனால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் கூடும். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அது பெரிய விஷயம்.

நமக்கு எப்படி என்று நானே கணக்குப் போட்டேன். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் டர்பனில் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே 83 சுமார். பூஜ்யம் டிகிரி காலையில் இங்கே ஒரு கன மீட்டர் காற்று 1.06 கிலோ. டர்பனில் 28 டிகிரி வெயிலில் 1.17 கிலோ. அதாவது நம் கடுங்குளிர்க் காற்றே டர்பன் கோடைக் காற்றைவிட லேசு! அதனால் இங்கே ஓட்டுகிறவர் காற்றைக் குறை சொல்லவே முடியாது. அதுவும் முருகு மாதிரி ரோபோட்டுக்கு ரோபோட் நின்று போகிறவருக்கு. ஆனால் அதே லேசான காற்றால்தான் டர்போ இல்லாத வண்டி இங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்து மூச்சு வாங்குகிறது.

டர்பன் சுறா
அதனால்தான் ஜோஹன்னஸ்பர்க் நம்பர் பிளேட் வண்டிகள் இங்கே கடற்கரை ரோட்டில் வந்ததும் காளை மாதிரி பாய்கின்றன போல.

மிட்ராண்ட் முருகு
அம்மாடி, இவ்வளவு விஷயமா! நன்றி எல்லோருக்கும். லாவண்யா அக்கா, ஹைஜாக்கிங் பற்றி ஆபீசிலும் பயமுறுத்தினார்கள், ஓடவிடும் எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

ஸ்பானர் அண்ணா, முள் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே நிற்கிறது. நெடுஞ்சாலையில் ஏறினால் இன்னும் இறங்குகிறது, ஹீட்டர் காற்றும் அப்போது ஆறிவிடுகிறது. இது சரிதானா?

பெனோனி ஸ்பானர்
சரியில்லை. நான் நினைத்தது அதுதான். வேகமாகப் போகும்போது முள் இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றவைக்கும். 88, 90 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அது மூடவே இல்லை என்றால் ஸ்டார்ட் பண்ணின நிமிடத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ரேடியேட்டர் சுற்றி வரும். கோடையில் உனக்குத் தெரியாது, வெளியே 28 டிகிரி, எப்படியோ சமாளித்துவிடும். ஜூலையில்தான் குட்டு வெளிப்படும். என்ஜின் 65, 70இலேயே நிற்கும், கம்ப்யூட்டர் 'இன்னும் குளிராகத்தான் இருக்கு' என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும்.

நீயே பார்க்கலாம். காலையில் என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திற. என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல் பக்கம் போகிற தடித்த ரப்பர் ஹோஸ் இருக்கும். ஸ்டார்ட் பண்ணி அந்த ஹோஸ் மேல் கை வை. பெல்ட், ஃபேன் பக்கம் விரலைக் கொண்டுபோகாதே, ஃபேன் சொல்லாமல் சுற்றும். தெர்மோஸ்டாட் நல்லபடியாக இருந்தால் ஹோஸ் பல நிமிடம் சில்லென்றே இருந்து, பிறகு திடீரென்று சுடும். கெட்டிருந்தால் ஆரம்பத்திலிருந்தே மெதுமெதுவாக, என்ஜினோடு சேர்ந்து வெதுவெதுப்பாகிக்கொண்டே வரும். அந்தத் திடீர் சூடு வருகிறதா என்பதுதான் பரிசோதனை.

முள்ளை மட்டும் நம்பாதே. இப்போது வருகிற பல வண்டிகளில் 75க்கும் 105க்கும் இடையில் எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவன் பயப்படக் கூடாதாம். வண்டிக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்கிற ஓபிடி கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கும், போனில் நிஜ டிகிரியைப் பார். பி0128 என்று கோட் வந்தால், என்ஜின் தேவையான சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான்.

அப்படியே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்பக்கம் பார். மோர் மாதிரி வெளுப்பாக ஏதாவது படிந்திருக்கிறதா?

மிட்ராண்ட் முருகு
இருக்கிறது அண்ணா! என்ஜினுக்குள் ஆயிலையும் தண்ணீரையும் பிரித்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது. வாங்கும்போது நன்றாக இருந்தது.

பெனோனி ஸ்பானர்
பதறாதே. மூடியில் மட்டும்தானா, ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியிலும், அதுதான் டிப்ஸ்டிக், இருக்கிறதா? டிப்ஸ்டிக் ஆயில் சுத்தமாக இருந்து கூலன்ட் மட்டமும் குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரம், சின்ன தூரமே ஓடுகிற வண்டியில் குளிர்காலத்தில் படிவதுதான். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும், என்ஜின் சூடாகாவிட்டால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலந்துவிடும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். வாரக் கடைசியில் மெல்ரோஸ் கோயிலுக்கோ எங்கேயோ நெடுஞ்சாலை வழியாக அரை மணி நேரம் நன்றாக ஓட்டு, அது பறந்துவிடும். ஆனால் முதலில் தெர்மோஸ்டாட்.

டிப்ஸ்டிக்கிலும் வெளுப்பாக இருந்தால் வண்டியை எடுக்காதே, எனக்குத் தனிச் செய்தி அனுப்பு.

பாக்கி பாண்டி
டயர் காற்றை யாருமே சொல்லவில்லை. எனக்கு வருஷா வருஷம் ஜூனில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

கணக்கு வாத்தி
அதையும் போட்டுவிடுகிறேன். மத்தியானம் 20 டிகிரியில் டயரில் 2.2 பார் அழுத்தம் வைத்தால் மறுநாள் காலை பூஜ்யத்தில் அது 2.0 ஆகியிருக்கும். ஓட்டை எதுவும் இல்லாமலே. காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கி உருளும், பெட்ரோல் போகும். இங்கே பங்க்கில் நிற்கிற அண்ணன்மார்களே காற்று பார்த்துத் தருகிறார்கள், நம் கையால் தொடக்கூட வேண்டாம், ஐந்து ரேண்ட் கொடுத்தால் சிரித்துக்கொண்டே கண்ணாடியும் துடைப்பார்கள். ஆனால் காலையில் டயர் ஆறியிருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பார்க்கச் சொல்லுங்கள்.

டர்பனிலிருந்து மேலே வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. உயரம் ஏறும்போது வெளிக் காற்றழுத்தம் குறைவதால் கேஜில் 0.18 பார் கூடுதலாகக் காட்டும், குளிரால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறையும். அங்கே வைத்த 2.2 இங்கே காலையில் 2.1 சொச்சம். அதனால் அவர்களுக்கு விளக்கு எரியாது.

செஞ்சூரியன் லாவண்யா
ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், உங்களுக்கு மட்டும் ஸ்பானர் அண்ணா சொன்ன 'ஹீட்டர் இலவசம்' பொருந்தாது. என்னிடம் இருப்பது டர்பன் பக்கம் ப்ராஸ்பெக்டனில் 2021லிருந்து செய்கிற கரோலா கிராஸ் ஹைபிரிட். கோடையில் ரோபோட்டில் நின்றால் என்ஜின் அணைந்துவிடும், பேட்டரியில் மெல்ல நகரும், அதில்தான் அதன் மிச்சமே. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் தண்ணீர் ஆறிவிடக் கூடாதே என்று என்ஜின் நின்றபடியே ஓடும், சூடு தருவதற்காக மட்டும். நான் ஹீட்டரை 19இல் வைத்துவிட்டு சால்வை போர்த்திக்கொள்கிறேன். பிள்ளைகள் திட்டுகிறார்கள், அது வேறு.

அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கும் கணக்கில் 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7க்குப் போனால் சாதாரணப் பெட்ரோல் கார் ஊருக்குள் 15 சதவீதம் வரை இழக்கும், ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் 24 வரை போகும். ஹைபிரிட் 30க்கு மேல். நம் குளிர் அவ்வளவு இல்லை, எனவே இழப்பும் அவ்வளவு இல்லை. ஆனால் வரிசை அதேதான்.

மின்வண்டி மணி
மின்சாரக் காருக்கு இன்னும் கொடுமை. மோட்டாரில் வீணாகிற சூடே குறைவு, அதனால் உள்ளே சூடு வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அமெரிக்க ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2019இல் சோதித்தபோது மைனஸ் 7இல் ஹீட்டர் போட்டு ஓட்டினால் சராசரியாக 41 சதவீதம் தூரம் குறைந்தது. ஹீட்டர் போடாமல் 12தான். மீதி எல்லாம் ஆளைச் சூடாக்கப் போன கரண்ட்.

ஊருக்குள் நெரிசலில் ஒரு மணி நேரம் 3 கிலோவாட் ஹீட்டர் ஓடினால் 3 யூனிட். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கிற வண்டியில் அது 20 கிலோமீட்டர் தூரம். சீட் ஹீட்டர் 100 வாட்டுக்குள் முடிந்துவிடும். அதனால் நான் காலையில் சார்ஜரில் சொருகியிருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிவிடுவேன், அது வீட்டுக் கரண்ட் கணக்கில் போய்விடும், வழியில் சீட் ஹீட்டர் மட்டும். வாங்கப் போகிறவர்கள் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தருகிற ஹீட் பம்ப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அதே சூட்டுக்கு பாதிக்கும் குறைவான கரண்ட். விற்பவரிடம் கேட்டால் பாதிப் பேர் ஏசியைக் காட்டுவார்கள்.

டர்பன் சுறா
சும்மா கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவன் ஒரு நிஜக் கேள்வி கேட்கிறேன். ஆடிக் கூழ் முடிந்து ஜோஹன்னஸ்பர்க்கில் தங்கை வீட்டுக்கு என்3 நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு வருகிறேன். 2024 செப்டம்பரில் வேன் ரீனன் கணவாயில் பனி கொட்டி ரோடே மூடி, ஜனங்கள் ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தார்களே, அப்படி மாட்டினால் ஹீட்டர் போட்டு உட்காரலாமா?

பாக்கி பாண்டி
உட்காரலாம், டேங்க் பாதிக்கு மேல் இருந்தால். ஏறும் முன் நிரப்பிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். ஸ்பானர் அண்ணன் கணக்குப்படி மணிக்கு 0.8 லிட்டர் என்றால் 25 லிட்டர் ஒரு நாளைக்கு மேல் தாங்கும். ஆனால் இறங்கிப் போய் சைலன்சர் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும், அடைத்தால் புகை உள்ளே வரும். விட்டுவிட்டு ஓடவிடுங்கள், ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வையுங்கள். போர்வை, தண்ணீர், பிள்ளைகளுக்குத் தின்பதற்கு ஏதாவது.

கண்ணாடியில் உள்பக்கம் மூச்சுக்காற்று படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள், ஏசி ஈரத்தை எடுத்துவிடும். உள்காற்றே சுற்றுகிற பட்டனை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் ஜென்மத்துக்கும் தெளியாது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு: நான் விட்பேங்க் பக்கம் சுரங்க வேலைக்குப் போகிறவன், காலை நாலரைக்கு ஸ்டார்ட் பண்ணுவேன். டீசல் என்ஜின் சிக்கனம், அதனாலேயே சும்மா நின்றால் சூடே ஆகாது, ஓட்டினால்தான் ஏறும். ஸ்டார்ட்டுக்கு முன் என்ஜினுக்குள் சூடேற்றுகிற குளோ பிளக்கின் விளக்கு அணைந்த பிறகு சாவியைத் திருப்புங்கள். கோடையில் பிடித்து ஜெர்ரிகேனில் மாதக்கணக்காகக் கிடக்கிற டீசலை ஜூலையில் ஊற்றாதீர்கள், குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதில் பெட்ரோல் கலந்தால் சரியாகும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், உயர் அழுத்தத்தில் டீசலைத் தள்ளுகிற இன்றைய காமன் ரெயில் பம்ப் அதில் செத்துவிடும்.

டர்பன் சுறா
நன்றி பாண்டி. மனைவியிடம் போர்வை பற்றி மட்டும் சொன்னேன், சைலன்சர் பற்றிச் சொன்னால் வரவே மாட்டாள்.

மிட்ராண்ட் முருகு
செய்தி! ஹோஸ் பரிசோதனை செய்தேன், அண்ணா சொன்னபடியே முதலிலிருந்தே வெதுவெதுப்பு, திடீர் சூடு வரவே இல்லை. ஓபிடியில் நெடுஞ்சாலையில் 68 டிகிரி. டிப்ஸ்டிக் சுத்தம். முதலில் போன ஒர்க்ஷாப்பில் ஹீட்டர் கோரையே மாற்ற வேண்டும், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். வெளியே வந்து இன்னொரு இடத்தில் தெர்மோஸ்டாட் மட்டும் போட்டேன், கூலன்ட்டையும் மாற்றி, அதில் பத்தில் ஒரு பங்குதான் ஆனது.

இப்போது 90இல் நிற்கிறது. மூன்றாவது ரோபோட்டிலேயே கால் சுடுகிறது. டயரும் சரி பண்ணினேன். 7.4 காட்டுகிறது. 6.8க்கு எப்போது வரும்?

பெனோனி ஸ்பானர்
அந்தத் தூரத்துக்கு ஜூலையில் 7.4 நல்ல கணக்கு. மீதி குளிர்தான், செப்டம்பர் கடைசியில் தானாக இறங்கும். கூலன்ட்டில் பாதிக்குப் பாதி ஆன்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமல் காக்கிற திரவம்) போட்டார்களா என்று கேள், வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து நிஜமாகவே ஹீட்டர் கோர் அடைக்கும். ஒரு வாரம் கழித்து, என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது டப்பாவில் மட்டத்தைப் பார். உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், கோடு வரை ஊற்றிக்கொள்.